பொன்மீனும் காப்போன் கடனும்

உயிர்கட்கு இடுக்கண் செய்யாமை அறம் என்பதில் ஐயுறுவார் இலர். ஆயின், அறியாமற் செய்த இடுக்கண் செய்தானைச் சாருமோ? சாருமெனின் அதற்குக் கழுவாய் யாது? இரக்கத்தால் உந்தப்பட்டு விரைந்து செய்வன யாவும் உதவியாகுமோ? இவ்வினாக்கள் நூலாராய்ச்சியிடை நமக்கு எழுந்தன அல்ல. நம் இல்லத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியில் வாழ்ந்த சிறு பொன்மீனொன்று நோயுற்றமையால் எழுந்தன. பொருள் சிறிதாயினும் வினா சிறிதன்று. ஆதலின், கற்றறிந்த அன்பர் இதனை எளிதென்று இகழாது உடனிருந்து நோக்குவாராக என வேண்டி ஆராயப் புகுகின்றோம்.

நிகழ்ந்ததை முதற்கண் கூறுதும். பத்து வயதினனாகிய நம் பேரன் நெடுநாள் விரும்பியவாறு நாற்பது லிட்டர் நீர் கொள்ளும் தொட்டி ஒன்று வாங்கப்பட்டது. குழாய்நீரை ஒருநாள் நிறுத்திவைத்து, அதனால் குளோரின் நீங்கும் என்று கேட்டிருந்தபடி செய்து, மறுநாளே இரண்டு பொன்மீன்களை அதனுள் விட்டோம். விற்றவர் வேறொன்றும் கூறிற்றிலர். நாமும் வேறொன்றும் வினவிற்றிலேம். பேரன் அன்பு மிகுதியால் நாளொன்றுக்கு ஐந்தாறு முறை இரை இட்டான். ஆறாம் நாள் வடிகட்டியின் பஞ்சு பழுப்பு நிறம் படிந்திருக்கக் கண்டு, அதனைக் குழாயடியில் வைத்து வெண்மை வருந்துணையும் நாமே பிழிந்து கழுவினோம். தூய்மை செய்தோம் என்று நம்மை நாமே பாராட்டிக்கொண்டதும் உண்டு. எட்டாம் நாள் மீன்கள் இரண்டும் துடுப்புக்களை ஒடுக்கி அடித்தரையிற் கிடந்தன. இடையிடையே மேலெழுந்து வாய்திறந்து மூச்சுக்கு அலமந்தன. வாலில் செந்நிற வரிகள் தோன்றின. ஒன்பதாம் நாட் காலையில் ஒன்று இறந்து மிதந்தது.

பேரன் அழவில்லை. நெடுநேரம் தொட்டியையே நோக்கியிருந்து, "தாத்தா, நமக்குத் தெரியாதே. தெரியாமற் செய்தாலும் பாவந்தானா?" என்று வினவினான்.

"தெரியாமற் செய்தது, உன்மேற் குற்றமில்லை" என்று சொல்ல நா எழுந்தது. ஆயின் அம்மொழி அவனைத் தேற்றுவதினும் நம்மைத் தேற்றுதற்கே எழுகின்றது என்று உணர்ந்து வாளா இருந்தோம். தொட்டியினுள் மற்றொரு மீன் இன்னும் உயிரோடிருந்தது.

அந்நேரத்தே மீன்வளக் கல்வி பயின்ற அன்பர் ஒருவரை அழைத்து வினவினோம். அவர் முதலில் மீனைப் பார்த்திலர். நீரில் ஒரு சிறிது எடுத்து, நிறமாற்றத்தால் நீரின் இயல்பு காட்டும் சோதனைத் துளிகளை அதிலிட்டார். நீர் பச்சை நிறமெய்தியது. லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் அளவு அம்மோனியா உளது என்றார். நன்கு அமைந்த தொட்டியில் அது சிறிதும் காணப்படலாகாது. நீரோ பளிங்கு போன்று தெளிந்திருந்தது. தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதை அன்று கண்கூடாக அறிந்தோம்.

இதன் காரணம் அறியத்தக்கது. மீன் உண்ட உணவின் கழிவு பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள்களின் வழியே நீரிற் கலக்கின்றது. உண்ணாது எஞ்சிய இரை அழுகுதலாலும் அது பெருகும். ஆறும் குளமும் அகன்றனவாதலின் அங்கே அது செறிவதில்லை. சிறு தொட்டியிற் செறியும். நீர் காரத்தன்மையும் வெப்பமும் மிக்கிருப்பின் அதன் நச்சுத்தன்மையும் மிகும். பழகிய தொட்டியில் இந்நஞ்சைத் தீர்ப்பன கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்கள். ஒரு சாரன அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு சாரன அதனை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சே, அது குருதியிற் புகுந்து உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்துக் குருதியைப் பழுப்பாக்கும். நைட்ரேட்டோ மிகச் செறிந்தாலன்றித் தீங்கு செய்யாது. இவ்விரு தொழிலையும் புரியும் நுண்ணுயிர்களை 1890 ஆம் ஆண்டளவில் பிரித்தறிந்து காட்டியவர் ருசிய நாட்டறிஞர் செர்கே வினோகிராட்ஸ்கி என்பார். நைட்ரோஸ்பைரா என்னும் இனத்துட் சில இரு தொழிலையும் தாமே ஒருங்கு செய்யவல்லன என்பது 2015 இல் வெளிப்பட்டது. இவை புதுத் தொட்டியில் இல்லை. வந்து படிந்து வேண்டுமளவு பெருகுதற்கு ஏறக்குறைய நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். அவை பெரிதும் வாழுமிடம் வடிகட்டியின் பஞ்சே. நாம் அழுக்கெனக் கருதிக் குளோரின் கலந்த குழாய்நீரிற் கழுவியது, அரும்பத் தொடங்கிய அக்காவற்படையையே என்க.

இனி வினாவிற்கு வருதும். அறியாமை என ஒரு பெயராற் கூறினும், அது ஒருதன்மைத்து அன்று. அறிதற்கு வழியே இல்லாத அறியாமை ஒன்று. வினோகிராட்ஸ்கிக்கு முற்பட்டார் நுண்ணுயிர்களின் இத்தொழிலை அறிந்திலர் என்று அவரைப் பழிப்பார் யார்? வினவினால் அறியக்கூடியதை வினவாதிருத்தல் மற்றொன்று. அறியாததனை அறிந்ததாகவே துணிந்து அத்துணிவின் வழிச் செயலாற்றுதல் பிறிதொன்று. முதலாவது குற்றமாகாது. இரண்டாவது மடியின் பாற்படும். மூன்றாவது செருக்கின் பாற்படும். ஐயத்தினும் திரிபு கொடிது என்பதற்கு இதுவே சான்று. ஐயமுற்றவன் பிறரை வினவுவான். திரிபுற்றவன் பஞ்சைக் கழுவுவான்.

சிறுவன் இரை மிகுத்திட்டது அன்பினால். அவனுக்கு அறிவிக்க வேண்டியவர் நாம். விற்றவர் வாய்திறந்திலர் என்பது மெய்யே. எனினும் அவர் குறை நம் குறையைக் குறைப்பதன்று. ஓருயிரைத் தன் கையகப்படுத்துவான் அவ்வுயிர்க்கு வேண்டுவன யாவை என வினவி அறியுங் கடனையும் உடன் ஏற்கின்றான். வாங்கும் பொழுதே அக்கடன் தொடங்குகின்றது. மீன் நோயுற்ற பொழுதன்று. ஆகவே பேரனுக்கு இவ்வாறு விடை கூறினோம்: "கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், அப்பா. கேளாதவன் நான். அந்தக் குறை என்னுடையது. இருப்பதை இனிக் காப்பாற்றுவோம், வா."

ஈண்டு இரண்டு தடைகள் எழும். மீன் நோவினை உணருமோ என்பது ஒன்று. வானவில் டிரவுட்டு என்னும் மீனின் தலையில் ஊறு உணரும் நரம்பு முனைகள் உள்ளன என 2003 இல் லின் ஸ்னெடன் என்னும் அம்மையாரும் உடனாய்ந்தாரும் காட்டினர். மீனின் உணர்வு நம் உணர்வு போன்றதன்று என மறுப்பாரும் அறிவியலாருள் உளர். அவ்வழக்கு முடியுந்துணையும் நாம் காத்திருத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. ஐயமுள்ள இடத்து ஊறு செய்யாத பக்கம் சார்தலே அறிவுடைமை. உணராது என்று கொண்டு தவறினால் ஓருயிர் துன்புறும். உணரும் என்று கொண்டு தவறினால் நமக்குச் சில குடம் நீர் சுமந்த இளைப்பே மிச்சம். இவ்விரு தவறும் ஒருநிறையின அல்ல.

மற்றொரு தடை நம்மவர் கூறுவது: "அம்மீன் நுகர்வது அதன் வினைப்பயன், அதனை இடைப்புகுந்து மாற்ற நாம் யார்?" என்பது. இது வினைக்கொள்கையைத் தலைகீழாகக் கொள்ளுதலாம். ஓருயிர் நுகர்தற்குரியது இதுவென அறுதியிட்டு அறியும் அறிவு நமக்கில்லை. நாம் செய்தற்குரியது இதுவென அறியும் அறிவோ உண்டு. அறியாத ஒன்றைக் காட்டி அறிந்த ஒன்றைக் கைவிடுதல் முறையன்று. மேலும், அதன் துன்பம் அதன் வினையால் வந்ததெனின், அதற்கு உதவுங் கை அருகிலிருந்ததும் அதன் வினையால் வந்ததே ஆகாதோ? பிறர் வினையைப் பேசுமிடத்துப் பெரும்பாலும் நம் சோம்பரே பேசுகின்றது என்று அஞ்சுதல் நலம்.

இனி உதவியின் இயல்பு. அன்றிரவே மருந்துகள் பலவற்றை வாங்கித் தொட்டியில் ஊற்ற வேண்டுமென்று மனம் பறந்தது. நீல நீர்மம் ஒன்று, மஞ்சள் நீர்மம் ஒன்று, இன்னும் பெயரறியாப் பொடிகள் என அங்காடியில் அவை நிரம்ப உள. அன்பர் தடுத்தார். "மீனைப் பேண வேண்டா, நீரைப் பேணுங்கள். மீன் தன்னைத் தான் பேணிக்கொள்ளும்" என்றார். அம்மருந்துகளிற் சில நாம் வளர்க்க விழையும் நுண்ணுயிர்களையே அழிப்பன. நோய் இன்னதென அறியாது மருந்திடுதல், காண்பார்க்கு ஆறுதலேயன்றிக் கிடப்பார்க்கு நலமன்று. இரக்கத்துள்ளும் இருவகை உண்டு. பிறர் துன்பம் காணப் பொறாது நம் உள்ளத்து எழும் துடிப்பைத் தணித்துக்கொள்ள முயல்வது ஒன்று. பிறர் துன்பத்தையே தணிக்க முயல்வது மற்றொன்று. முன்னது ஏதேனும் செய்தாலன்றி அமையாது. பின்னது செய்யத்தக்கதைச் செய்து, செய்யத்தகாததைச் செய்யாது பொறுத்திருக்கும். தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுதலின் இவற்றைப் பகுத்துணர்தல் அரிது.

செய்தன இவை. முதல் நாள் தொட்டிநீரிற் பாதியை இறைத்து, அதே வெப்பநிலையுடைய புதுநீர் வார்த்தோம். குழாய்நீரிற் குளோரினன்றிக் குளோராமின் கலக்கப்படும் ஊர்களும் உளவாதலானும், அது நிறுத்திவைத்தலால் நீங்காதாதலானும், அதனைத் தீர்க்கும் தயோசல்பேட்டு நீர்மத்தை முன்னரே கலந்து வார்த்தோம். அதன்பின் நாடோறும் நான்கிலொரு பங்கு மாற்றினோம். சோதனைத் துளி மிகை காட்டிய நாளில் பாதி மாற்றினோம். காற்றூட்டி இரவும் பகலும் இயங்கிற்று. இரண்டு நாள் இரை இட்டிலேம். பொன்மீனுக்கு இரைப்பை என ஒன்று இல்லை. உண்டது நேரே குடலுட் செல்லும். சின்னாள் உணவின்மையை அது எளிதிற் பொறுக்கும். பின்னர் ஒரு வேளைக்கு இரண்டு மணித்துணுக்கே இட்டோம். அன்பர் தம் பழந்தொட்டியின் வடிகட்டியிலிருந்து பஞ்சுத்துண்டு ஒன்றை ஈரம் புலராது கொணர்ந்து நம் வடிகட்டியுள் வைத்தார். காண்பதற்கு அழுக்கேறிய அத்துண்டே எல்லா மருந்தினும் மேலாயிற்று. நைட்ரைட்டு தோன்றிய நாட்களில் லிட்டருக்கு ஒரு கிராம் அளவாக உப்பிட்டோம். உப்பிலுள்ள குளோரைடு அந்நஞ்சு செவுள்வழி உட்புகுதலைத் தகைக்கும்.

இரண்டாம் கிழமையில் ஒரு புதுமை நிகழ்ந்தது. மீனின் பொன்மேனியில், துடுப்பின் ஓரங்களிலும் விலாவிலும் கருந்திட்டுக்கள் தோன்றின. பேரன் அஞ்சி, "தாத்தா, நோய் முற்றிவிட்டது போலிருக்கிறதே" என்று ஓடிவந்தான். நாமும் அஞ்சினோம். அன்பரோ நகைத்து, அம்மோனியாவால் வெந்த தோல் ஆறுங்கால் இவ்வாறு கறுத்தல் பொன்மீனுக்கு இயல்பு என்றார். வருத்திய நாளில் மேனி பொன்னாகவே இருந்தது. ஆறும் நாளில் கறுத்தது. சின்னாளில் அக்கருமையும் மறைந்தது. அன்று அச்சத்தால் மருந்தூற்றியிருப்பின், ஆறுகின்ற புண்ணையே நோயென்று தாக்கியிருப்போம். மீன் ஒடுக்கிய துடுப்பை விரித்தது. பின் நடுநீரில் நீந்திற்று. பின் பேரன் நிழல்கண்டு கண்ணாடியருகே வந்தது. முப்பத்தெட்டாம் நாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சிறிதும் காணப்படவில்லை. நைட்ரேட்டு மட்டும் காணப்பட்டது. தொட்டி பக்குவம் எய்திற்று.

பக்குவம் என்னும் சொல் தானே வந்தமைந்தது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது எனச் சைவநூலோர் கூறுவதையும், மலம் பரிபாகமெய்துதற்குக் காலம் வேண்டும் என்பதையும் அந்நாட்களிற் பலகால் நினைந்தோம். நீரின் நலம் மீனின் நலமாதலும், விரைவுபடுத்தவியலாத ஒரு முதிர்ச்சியை உடனிருந்து காத்தலும் அவற்றை நினைப்பித்தன. உவமை ஒருபுடையே ஒக்கும்; அதனை முற்றும் நீட்டுதல் பிழை. எனினும், கேடுற்றாரைக் கண்டவிடத்து அவரையே திருத்த முயன்று, அவர் நின்ற சூழலை நோக்காது விடும் நம் வழக்கத்தை அது இடித்துரைக்கும் என்பதில் ஐயமில்லை. படிப்பில் மடிந்த மாணவனையும், மனைக்கண் வாடிய முதியோரையும் கண்டு முதற்கண் நாம் ஆராய்வது அவர்தம் குறையையோ, அவரைச் சூழ்ந்த நீரையோ என்று அன்பர் தம்மைத் தாமே வினவிக்கொள்க.

எஞ்சியது ஒரு வினா. மீனைச் சிறையிட்டு வைத்தலே தவறாயின், பின் அதனைப் பேணுதல் என்ன அறம் என்பது அது. இதற்குப் பொன்மீனின் வரலாறே விடைக்கு வழி காட்டும். அது சீனநாட்டுக் கெண்டை இனத்தது. இயற்கையில் மங்கிய பசுஞ்சாம்பல் நிறத்தது. அரிதாகச் செம்பொன் நிறத்துடன் பிறப்பன ஆற்றிற் பகைவர் கண்ணுக்கு எளிதிற் புலனாகி அழியும். தாங் மரபினர் காலத்தில், அஃதாவது 618 முதல் 907 வரை, புத்த சமயத்தார் பிடிபட்ட உயிர்களை மீட்டு விடுதற்கென அமைத்த குளங்களில் இப்பொன்னிறத்தன காக்கப்பட்டன. 960 முதல் 1279 வரை ஆண்ட சோங் மரபினர் காலத்தில் அவை குளங்களிற் போற்றி வளர்க்கப்பட்டன; 1368 முதல் 1644 வரை நின்ற மிங் மரபினர் காலத்தில் மனைக்குள் கலங்களில் வைக்கப்பட்டன. அருளாற் பிழைத்த நிறம் அழகெனப்பட்டு, அவ்வழகே சிறைக்கு ஏதுவாயிற்று. கருணையிற் றொடங்கியது காட்சியின்பத்தில் முடிந்தமை எண்ணத்தக்கது.

1850 இல் லண்டன் வேதியியற் கழகத்தில் ராபர்ட்டு வாரிங்டன் என்பார் தம் ஆய்வைக் கூறினார். இரண்டு பொன்மீன்களை நீர்ப்பூண்டுடன் ஒரு கலத்தில் வைத்தார். பூண்டின் இலை அழுகி நீர் கெட்டது. அழுகலை உண்ணும் நத்தைகளை விட்டபின் நீர் தெளிந்து எல்லாம் நலமாய் வாழ்ந்தன. ஓருயிரைத் தனியே வைத்து வாழ்விக்கவொண்ணாது, அதனைத் தாங்கும் பிறவுயிர்களையும் உடன் வைத்தல் வேண்டும் என்னும் உண்மை அங்கே வெளிப்பட்டது. உரோமை நகராட்சி 2005 இல் பொன்மீனை உருண்டைக் கண்ணாடிக் கலத்தில் வைத்தலைத் தடைசெய்தது. சட்டமும் அறத்தைச் சிறிது சிறிதாகப் பின்தொடர்கின்றது.

ஆயின், அதனை ஊர்க் குளத்தில் விட்டுவிடுதல் நன்றன்றோ எனின், அன்று. மேலை ஆஸ்திரேலியாவின் வாஸ் ஆற்றில் மக்கள் விட்ட பொன்மீன்கள் பெரிதும் பருத்துப் பெருகின. அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கி அவ்விடத்து மீன்களுக்கு ஊறு செய்வன என்று ஆராய்ச்சியாளர் அறிவிக்கின்றனர். ஓருயிர்க்கு விடுதலை என்று பல உயிர்க்குத் துன்பம் விளைத்தல் அறமாகாது. எடுத்த சுமையை வழியில் எறிந்துவிட்டு, அதற்கு வீடு என்று பெயரிடுதல் நம்மை நாமே ஏமாற்றுதலாம். வாங்காதிருந்திருக்கலாம், வாங்கியபின் விலகுதற்கு வழியில்லை. இனி வாங்காமையும், இருப்பதை வாழ்நாள் முழுதும் நன்கு காத்தலுமே எஞ்சிய அறம். அவ்வாழ்நாளும் குறுகியதன்று. இங்கிலாந்தில் 1956 இல் ஒரு சந்தையிற் பரிசாகக் கிடைத்த பொன்மீன் ஒன்று 43 ஆண்டு வாழ்ந்து 1999 இல் இறந்தது. சின்னாள் விளையாட்டென்று கருதி வாங்குவார் இதனை எண்ணுக.

நாற்பது லிட்டர்த் தொட்டி அம்மீனுக்குப் போதாது என்பதும் பின்னரே அறிந்தோம். இருநூறு லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்றை அமைத்து, பழைய வடிகட்டியின் பஞ்சைக் கழுவாது அதனுள் வைத்து, மீனை அங்கு மாற்றினோம். கிழமைதோறும் நீர் மாற்றுவது இப்பொழுது பேரன் கடமை. பஞ்சு மிகவும் அடைபட்டால், தொட்டியிலிருந்து இறைத்த நீரிலேயே அதனை மெல்ல அலசுகின்றான், குழாயடிக்குக் கொண்டுசெல்வதில்லை. அண்டைவீட்டுச் சிறுவன் ஒருவன் பொன்மீன் வாங்க விழைந்தபோது, "முதலில் தண்ணீரைப் பழக்கு, ஒன்றரை மாதம் ஆகும்" என்று அவன் கூறக் கேட்டோம்.

இறந்த மீன் மீண்டிலது. அதன்பொருட்டு நாம் செய்யத்தக்க கழுவாய் வேறொன்றும் காணவில்லை. வினவாது விட்டதை இனி வினவுதலும், அறிந்ததை அறியாதார்க்கு உரைத்தலுமே அது எனத் துணிந்து இதனை எழுதலாயினேம்.